எல்லாவற்றுக்கும் ‘இஸின்ட் இட்’ போடலாமா?

ஆங்கில வாக்கியத்தின் கடைசியில் ‘இல்லையா?’ என்று ஒட்டும் சின்னக் கேள்விக்கு ‘கொஸ்டின் டேக்’ என்று பெயர். அதில் ‘ஹி வென்ட் ஹோம், இஸின்ட் இட்?’ என்று எழுதியதற்கு ஏன் மார்க் போச்சு என்று கேட்டிருந்தீர்கள். நம்மூர்ப் பேச்சில் அது ஓடிவிடும், பரீட்சையில் ஓடாது. முதல் பாதியில் இருக்கும் துணைவினையை (கேன், இஸ், வில் மாதிரி முக்கிய வினைக்கு உதவும் சொல்) பிடித்துக் கவிழ்க்க வேண்டும், அதாவது உடன்பாடு என்றால் மறுப்பாக, மறுப்பு என்றால் உடன்பாடாக, அவ்வளவுதான்: ‘ஷி கேன் டிரைவ், கான்ட் ஷி?’ உங்கள் வாக்கியத்தில் துணைவினையே இல்லை, வென்ட் இறந்தகாலம் வேறு, அதனால் ‘டிட்’டை வரவழைத்து ‘டிட்ன்ட் ஹி?’ என்று முடிக்க வேண்டும்.

அடுத்து மாட்டப்போகிற இடம் ‘நோபடி’. அதிலேயே மறுப்பு இருக்கிறது, ஆகவே ‘நோபடி கால்டு, டிட் தே?’ தான் சரி. ‘ஐ ஆம் லேட்’டுக்கு ‘ஆரின்ட் ஐ?’ வரும், அபத்தமாகத் தெரிந்தாலும் வழக்கு அதுதான். ‘லெட்ஸ் கோ’வுக்கு ‘ஷல் வீ?’

அப்புறம் பேசும்போது இந்தக் கடைசிக் கேள்வியில் குரலின் ஏற்ற இறக்கத்தைக் கவனியுங்கள்: இறக்கினால் ‘ஆமாம்’ சொல்லச் சொல்கிறீர்கள், ஏற்றினால் நிஜமாகவே தெரியாமல் கேட்கிறீர்கள்.