பச்சைக் கல்லும் பெயர்ந்த தகடும்

வணக்கம்.

புனே போயிருந்த என் தம்பி, பச்சைக் கல் ஒன்றை வாங்கி வந்து கொடுத்தான். கரும்பாறைத் துண்டின் மேல் சுண்டுவிரல் நுனி அளவில் ஏழெட்டுப் படிகங்கள். ‘அபோபிலைட்’ என்று கடைக்காரர் சொன்னாராம். தூசி போகட்டும் என்று என் பத்து வயது மகள் அதைக் கீசர் வெந்நீரில் காட்டியிருக்கிறாள். பெரிய படிகத்தின் தலை தகடாகப் பெயர்ந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் அந்த அலமாரிப் பக்கமே போவதில்லை. பசை போட்டு ஒட்டிவிடலாமா? மாமியார் இது மரகத வகை, ஒன்றை எடுத்து மோதிரத்தில் பதிக்கலாம் என்கிறார். எனக்கோ இதுபோன்ற பச்சைப் படிகங்களைச் சேர்க்க ஆசை வந்துவிட்டது. எங்கே தொடங்குவது?

வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் மகளை அழைத்து, அது அவள் செய்த தவறு அல்ல என்று சொல்லுங்கள். அந்தக் கல்லின் பெயரே ‘இலையாக உரிவது’ என்றுதான் பொருள்படும். பிரெஞ்சுப் பாதிரியாரும் படிகவியலின் முன்னோடியுமான ரெனே ஜுஸ்ட் ஆயுய் 1806இல் கிரேக்கச் சொற்களிலிருந்து அந்தப் பெயரை அமைத்தார். சுடரில் காட்டினால் கல்லுக்குள் இருக்கும் நீர் ஆவியாகி, ஏடு ஏடாக உரிந்துவிடும். கீசர் வெந்நீருக்கு அந்த நீரை விரட்டும் வலு கிடையாது. ஆனால் இந்தக் கல்லின் அணுக்கள் தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டவை. தட்டுகளுக்கு இடையே பிடிப்பு குறைவு. குளிர்ந்திருந்த கல்லில் திடீரென்று சூடு பட்டதும் அந்த இடத்தில் விட்டுவிட்டது.

ஒட்ட வேண்டாம். சேகரிப்பவர்கள் பசை இட்ட படிகத்தைப் பழுது பார்த்ததாகவே கணக்கில் எடுப்பார்கள். பெயர்ந்த தகட்டைப் பஞ்சு வைத்த சின்ன டப்பாவில் போட்டு, கல்லின் பக்கத்திலேயே வையுங்கள்.

மரகதம் பற்றி மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். மரகதம் பெரில் என்ற கனிமத்தின் வகை. கற்களின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் அதன் கடினம் 7.5 முதல் 8. அபோபிலைட் 4.5 முதல் 5தான். வீட்டுத் தூசியில் குவார்ட்ஸ் மணல் கலந்திருக்கும், அதன் கடினம் 7. மோதிரத்தில் பதித்தால் துடைக்கத் துடைக்கக் கீறல் விழும், எங்காவது இடித்தால் பிளந்துவிடும். பாறையிலிருந்து பெயர்த்தெடுக்கும்போதே உடைந்துபோகவும் கூடும். தயவுசெய்து அந்தக் கரும்பாறையை விட்டு ஒரு படிகத்தைக்கூடப் பிரிக்காதீர்கள்.

ஏனென்றால் அந்தக் கரும்பாறைதான் அதன் வீடு. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய மகாராஷ்டிரத்தில் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி உறைந்தது. குழம்பில் சிக்கிய வாயுக் குமிழிகள் பொந்துகளாக நின்றன. பிற்பாடு சூடான நீர் அந்தப் பொந்துகளில் புகுந்து, கரைத்துக் கொண்டுவந்ததை மெல்ல மெல்லப் படியவிட்டது. பீச் நிற ஸ்டில்பைட், ஹியூலண்டைட், அபோபிலைட் என்ற கனிமங்கள் எல்லாம் அப்படி விளைந்தவை. பெரும்பாலான அபோபிலைட்டுக்கு நிறமே கிடையாது. பச்சைக்குக் காரணம் மிகச் சிறிதளவு கலந்த வனேடியம் என்ற உலோகம். 1974இல் அமெரிக்கக் கனிமவியலாளர் ஜார்ஜ் ராஸ்மேன் புனேக் கற்களை ஆராய்ந்து இதை எழுதினார். புனேக்குக் கிழக்கே வாகோலி குவாரியில் கிடைக்கும் காவன்சைட் என்ற கனிமம் கண்ணைப் பறிக்கும் நீலம். அதிலும் இருப்பது வனேடியம்தான்!

பச்சை அபோபிலைட்டுக்கு முதலில் பேர் வாங்கிக் கொடுத்த ஊர், புனேயின் மேற்கு ஓரத்து பாஷாண். நமக்குப் பாஷாணம் என்றால் விஷம் நினைவுக்கு வரும்; வடமொழியில் அதற்குக் கல் என்றே பொருள். பிறகு அகமத்நகர் (இப்போது அகில்யாநகர்) பக்கம் ராகுரி அருகே மோமின் ஆகாடாவில் கிணறு வெட்டியபோது அடர்பச்சைப் படிகங்கள் உருண்டை உருண்டையாக வெளிப்பட்டன. ஜல்லிக்கும் தண்ணீருக்கும் வெட்டியவர்கள் கையில்தான் இவை முதலில் கிடைத்தன. கருங்கல்லில் ஒரு பொந்து திறக்கும்போது, கடப்பாறையை நிறுத்திவிட்டுக் கைவிட்டுத் துழாவிப் பார்த்த அந்தத் தொழிலாளிகள் இல்லையென்றால் உங்கள் கல் சாலையில் ஜல்லியாகக் கிடந்திருக்கும். நான் இதை ஒவ்வொரு கல்லை எடுக்கும்போதும் நினைப்பேன்.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். ஊர்ச்சீட்டிலிருந்து தொடங்குங்கள். எந்தக் குவாரி, எந்தக் கிணறு, எந்த ஆண்டு என்று எழுதிய துண்டுக் காகிதம் கல்லோடு இருக்க வேண்டும். எனக்கு இதில் பட்ட காயம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாபாரியிடம் ‘பாஷாண், பழைய கல்’ என்ற அச்சுச் சீட்டோடு நல்ல விலை கொடுத்து ஒன்று வாங்கினேன். சில மாதங்களில் அதே சீட்டு, அதே எழுத்து, கொஞ்சமும் ஒத்துப்போகாத வேறொரு பாறையின் மேல் இன்னொருவர் வீட்டில் இருந்தது. விசாரித்தபோது, கட்டுக் கட்டாக அச்சடித்து வைத்திருந்தது தெரிந்தது. அந்தக் கல் இன்றும் என்னிடம் இருக்கிறது. பார்க்க அழகுதான், ஆனால் அதை எந்த ஊர்க் கல் என்று சொல்வது? இன்றுவரை மனது ஆறவில்லை.

வாங்கும்போது படிகம் பாறையோடு சேரும் இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். புற ஊதா டார்ச் அடித்தால் பல பசைகள் வெளிர் நீலமாக ஒளிர்ந்து காட்டிக்கொடுக்கும். சுத்தம் செய்ய அறை வெப்பத்தில் உள்ள தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். எலுமிச்சை, வினிகர், கழிப்பறை ஆசிட் எதுவும் வேண்டாம். அமிலம் இந்தக் கல்லை அரிக்கும். ஒரே நேரத்தில் நிறைய வாங்கவும் வேண்டாம். நாசிக் அருகே சின்னாரில் ‘கார்கோட்டி’ என்ற கனிம அருங்காட்சியகம் இருக்கிறது. முடிந்தால் மகளோடு ஒருமுறை போய்ப் பாருங்கள். நல்ல கல்லை நிறையப் பார்த்த கண் அவசரப்பட்டு வாங்காது.

தம்பியிடம் கடை இருந்த சாலை, வாங்கிய தேதி, கடைக்காரர் சொன்ன ஊர் எல்லாவற்றையும் இன்றே கேட்டு எழுதிவையுங்கள். சீட்டை மகளே எழுதட்டும். எழுதி முடித்ததும் அந்தத் தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டுங்கள். படிகத்தின் பக்கங்கள் கண்ணாடிபோல் மின்னும். பெயர்ந்த முகம் மட்டும் முத்துச்சிப்பியின் உட்புறம்போல் பளபளக்கும். உடையாத கல்லில் அதை அவ்வளவு தெளிவாகப் பார்த்திருக்க முடியாது.