பழிவாங்க திரும்பி வர்ற ஹீரோயின்கள் - கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

பழைய கட்டுரை ஒண்ணுல, ராத்திரி தூக்கம் வராதப்போ சீன வெப் நாவல் படிப்பேன்னு போற போக்குல ஒரு வரி எழுதியிருந்தீங்க. அந்த தைரியத்துலதான் எழுதுறேன். மூணு வருஷமா நானும் அதேதான். வீட்ல எல்லாரும் படுத்த பிறகு போன்ல இங்கிலீஷ் ட்ரான்ஸ்லேஷன்ல படிக்கிறேன். செத்துப்போன பொண்ணு தன்னோட பதினாலு வயசுல மறுபடி கண் முழிச்சு, தன்னை ஏமாத்துன தங்கச்சி, சித்தி, புருஷன்னு ஒவ்வொருத்தரா கவுக்குற கதைங்க. ஒண்ணு முடிஞ்சா உடனே அடுத்தது. பிளஸ் டூ படிக்கிற என் பொண்ணு ஒருநாள் எடுத்துப் பாத்துட்டு, "என்னம்மா இது, எல்லாமே ஒரே கதை, அதுவும் பழிவாங்குறது மட்டும்தான்"னுட்டா. எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. ஆனா அந்த தங்கச்சிக்காரி நடுக்கூடத்துல கையும் களவுமா மாட்டி முழிக்கிற இடம் வந்தா எனக்கு அவ்ளோ சந்தோஷமா இருக்கு அக்கா. என் வாழ்க்கையில யாரும் எனக்கு விஷம் வைக்கல. அப்புறம் இவ்ளோ கோபம் எங்க இருந்து வருது? நீங்க எதுக்காக படிக்கிறீங்க?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசி கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். நான் படிக்கிறது அந்த முதல் காலைக்காக.

எங்க அம்மா போன அடுத்த மாசம்தான் நான் இந்த கதைகளுக்குள்ள போனேன். அம்மா கடைசியா போன் பண்ணப்போ நான் ஏதோ வேலையா இருந்தேன், நாளைக்கு பேசறேம்மான்னு வச்சுட்டேன், அந்த நாளைக்கு வரல. அதுக்கப்புறம் ராத்திரி ரெண்டு மணி, மூணு மணி வரைக்கும் முழிச்சிருப்பேன். யாரோ அனுப்பின லிங்க்ல ஒரு கதை. முதல் சாப்டர்ல ஹீரோயின் சாகுறா. தூக்கு மாட்டிக்க வெள்ளைப் பட்டுத்துணி, இல்லன்னா விஷம் கலந்த மது, உங்களுக்கே தெரியும் ரெண்டுல ஒண்ணு கண்டிப்பா வந்துடும். ரெண்டாவது சாப்டர்ல கண்ணைத் தொறக்குறா. பழைய ரூம், பழைய கட்டில் திரை. கதவைத் தள்ளிக்கிட்டு, பித்தளைப் பாத்திரத்துல முகம் கழுவ வெந்நீர் எடுத்துட்டு ஒரு வேலைக்காரப் பொண்ணு உள்ள வர்றா. பதிமூணு வயசு இருக்கும். போன தடவை எஜமானிக்கு எதிரா பொய் சாட்சி சொல்ல மாட்டேன்னு நின்னு அடிபட்டே செத்துப்போனவ. இப்போ உயிரோட நின்னு "ஜுரம் விட்டுடுச்சா சின்னம்மா"ன்னு கேக்குறா. இவ அந்தக் கையைப் பிடிச்சவ விடவே மாட்டேங்குறா, அந்தப் பொண்ணு பயந்துபோய் வைத்தியரைக் கூப்பிட ஓடுறா. நான் போனை கவுத்து வச்சுட்டு அழுதேன். அப்புறம் பாத்தா இதே காட்சி நூறு கதையில இருக்கு, வேலைக்காரப் பொண்ணுக்கு பதிலா சில கதையில அம்மா, சில கதையில பாட்டி, சில கதையில தம்பி. நூறு தடவையும் எனக்கு தொண்டை அடைக்குது.

நாம இதை மறுபிறவி கதைன்னு சொல்றோம், ஆனா மறுபிறவின்னா நமக்கு அடுத்த பிறவி. சீனத்துலயும் அப்படி ஒண்ணு தனியா இருக்கு, செத்தவங்க நைஹெ பாலத்துகிட்ட மெங் போங்கிற கிழவி கொடுக்குற சூப்பைக் குடிச்சு எல்லாத்தையும் மறந்துட்டுதான் அடுத்த கர்ப்பத்துக்குப் போகணும். நம்ம ஹீரோயின் அந்த சூப்பைக் குடிக்காதவ. ச்சோங்ஷெங்னு இந்த வகைக்குப் பேரு, பழைய உடம்புக்கே, பழைய வயசுக்கே, நினைவோட திரும்பி வர்றது. வேற காலத்து பொண்ணு உடம்புக்குள்ள இந்தக் காலத்து ஆள் போய் விழுறது ச்சுவான்யுவே. படிச்ச நாவலுக்குள்ளயே போய் அதுல சாகப்போற வில்லியா கண் முழிக்கிறது ச்சுவான்ஷு. கொரியாவுலயும் திரும்பி வர்றது, வேற உடம்புல புகுறது, மறுபடி பிறக்குறதுன்னு மூணையும் சேத்து ஒரே சொல்லா சுருக்கி வச்சிருக்காங்க. எனக்கு இதுல முதல் வகைதான் உயிர்.

ஏன்னா நம்ம கதைகள்ல பழிவாங்க பிறந்து வர்ற பொண்ணுங்க எல்லாம் முன்னாடிதான் போறாங்க. அம்பை தீயில விழுந்து, மறுபடி பிறந்து, சிகண்டியா பீஷ்மருக்கு முன்னாடி வந்து நிக்கிறா. அவ நினைச்சது நடந்துச்சு, ஆனா கெட்டுப்போன அந்த கல்யாணத்தை அவளுக்கு யார் திருப்பிக் கொடுத்தாங்க? பழையனூர் நீலி கள்ளிக்கொம்பை குழந்தையாக்கி இடுப்புல வச்சுக்கிட்டு வந்து தன்னைக் கொன்னவனைக் கொன்னா, அவன் உயிருக்கு நாங்க பொறுப்புன்னு வாக்கு கொடுத்த எழுபது வேளாளரும் தீயில இறங்குனாங்க, அவ பேயாவே நின்னுட்டா. சின்ன வயசுல அந்தக் கதையைக் கேட்டு எல்லாரும் நீலிக்குப் பயந்தாங்க, எனக்கு மட்டும் அவ பாவமாத்தான் தெரிஞ்சா. ச்சோங்ஷெங் ஹீரோயினுக்கு கிடைக்கிறது நீலிக்கு கிடைக்காதது. இன்னும் எதுவும் கைவிட்டுப் போகாத ஒரு நாள். பெரும்பாலும் அது அவளோட பதினஞ்சாவது வயசுல, பொண்ணு பெரியவளாயிட்டான்னு காட்டுற கொண்டை ஊசி சடங்குக்கு கொஞ்சம் முன்னாடி, கல்யாணப் பேச்சு இன்னும் ஆரம்பிக்கல, அம்மா பாட்டி யாராவது ஒருத்தர் இன்னும் இருக்காங்க.

அதனாலதான் உங்க பொண்ணு பழிவாங்குறதுன்னு சொல்றதுல பாதி எனக்கு பழியாவே தெரியல. அந்தக் குளத்துக்கரை காட்சியையே எடுத்துக்குங்க. விருந்து நடக்குது, தங்கச்சி அக்காவை குளத்துப் பக்கம் கூட்டிட்டுப் போறா, தள்ளிவிட்டா யாரோ ஒருத்தன் குதிச்சு தூக்குவான், ஈரத்துணியோட ஒரு ஆம்பளை கையில கிடந்ததை ஊரே பாத்துட்டா அப்புறம் அவனுக்கே கட்டி வச்சாகணும். போன தடவை அப்படித்தான் அவ வாழ்க்கை முடிஞ்சது. இந்த தடவை யார் எங்க நிக்கிறாங்கன்னு அவளுக்குத் தெரியும், செயற்கை மலைப்பாறைக்கு பின்னாடி எவன் காத்திருக்கான்னும் தெரியும். அவ யாரையும் தள்ளல. அரை அடி நகர்ந்து நிக்கிறா, அவ்ளோதான். தள்ள வந்தவ தானே போய் விழுறா. நீங்க சந்தோஷப்பட்டது அந்த அரை அடிக்குத்தான்னு நினைக்கிறேன்.

சண்டைக் காட்சியை விட நான் திரும்பத் திரும்ப படிக்கிற இன்னொரு இடம் அந்த சீர் லிஸ்ட். செத்துப்போன அம்மா பொறந்த வீட்ல இருந்து கொண்டுவந்த சீதனம், கடை, நிலம், பட்டு, பாத்திரம், ஊசி வரைக்கும் எழுதி வச்ச பட்டியல். சித்தி பதினஞ்சு வருஷமா அதை தன் சொத்து மாதிரி எடுத்துப் பொழங்கிட்டிருப்பா. ஹீரோயின் ஒருநாள் பாட்டி முன்னாடி அந்தக் காகிதத்தை விரிச்சு வச்சு, குரலை உசத்தாம ஒண்ணொண்ணா வாசிக்கிறா. பவளச்செடி ஒண்ணு, அது இப்போ சித்தி ரூம்ல இருக்கு. பச்சைக்கல் வளையல் ஒரு ஜோடி, அது இப்போ தங்கச்சி கையில இருக்கு. எல்லார் கண்ணும் அந்த மணிக்கட்டுக்குப் போகுது. அவ மெதுவா கையை சட்டைக்கைக்குள்ள இழுத்துக்குறா. யாரும் அடிக்கல, யாரும் கத்தல, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்குது. எங்க வீட்லயே, ஒரு சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு ரெண்டு நாளைக்குன்னு வாங்கிட்டுப் போன என் அம்மாவோட வளையல் இன்னைக்கு வரைக்கும் திரும்பி வரல, கேக்குறதே அசிங்கம்னு அம்மா வாயைத் தொறக்காமலே போயிட்டாங்க. அந்த காகிதத்தை வாசிக்கிற பொண்ணு எங்க அம்மாவுக்காகவும் வாசிக்கிறா.

உங்களுக்கு யாரும் விஷம் வைக்கலன்னு எழுதியிருந்தீங்க. விஷம் வச்சாத்தானா? நீட்டுன பேப்பர்ல படிக்காம கையெழுத்து போட்டது, வேலையை விடுன்னு சொன்னப்போ சரின்னது, கூடவே இருந்து சிரிச்சுப் பேசினவ வெளிய போய் என்ன பேசினான்னு பத்து வருஷம் கழிச்சு தெரிஞ்சுக்கிட்டது, இப்படி ஒவ்வொருத்தருக்கும் ஒரு "அன்னைக்கே தெரிஞ்சிருந்தா" இருக்கு. அதை கோபம்னு மட்டும் சொல்லிட முடியாது. அதுல பாதி ஏக்கம். அந்த ஏக்கத்துக்கு இவங்க முன்னூறு சாப்டர் இடம் கொடுக்குறாங்க, வேற எங்க கிடைக்குது நமக்கு அவ்ளோ இடம்?

எல்லாம் ஒரே கதைன்னு உங்க பொண்ணு சொல்றது உண்மைதான், அதுக்கு காரணமும் இருக்கு. சீனாவுல வெப் நாவல் போடுற ச்சிதியென் சைட்டுல 2003-லயே வாசகர்கிட்ட ஆயிரம் எழுத்துக்கு இவ்ளோ ஃபென்னு சில்லறைக் காசு வாங்குற முறை வந்துடுச்சு, ஃபென்னா யுவான்ல நூத்துல ஒரு பங்கு. பெண்கள் நிறைய எழுதுற, நிறைய படிக்கிற ஜின்ஜியாங் சைட்டும் 2003-ல ஆரம்பிச்சதுதான். தினமும் எழுதணும், தினமும் வாசகி காசு கொடுத்து அடுத்த சாப்டரைத் தொறக்கணும். அப்போ நேத்து எந்த இடம் பிடிச்சுதோ அதையே இன்னைக்கும் கொடுப்பாங்க. முகத்துல அறையுறதுன்னு அர்த்தம் வர்ற ஒரு சொல்லே வச்சிருக்காங்க, தா லியென், அந்த அறை பாதியில நிக்கும்போது சாப்டர் முடிஞ்சிடும். அப்பாவி மாதிரி கண்ணீர் விட்டு காரியம் சாதிக்கிறவளுக்கு வெள்ளைத் தாமரைன்னு பேரு. இதெல்லாம் நம்ம கூத்துல கட்டியங்காரன் வர்ற மாதிரி, வரும்னு தெரியும், வந்தாத்தான் திருப்தி.

இந்தக் கதைகள் மேல எனக்கு பெரிய வருத்தம் ஒண்ணு இருக்கு, அதை மறைக்கக் கூடாது. அப்பா தப்பிச்சிடுறார். ரெண்டு பொண்டாட்டி கட்டினவர் அவர், முதல் பொண்டாட்டி எப்படி செத்தான்னு விசாரிக்காதவர் அவர், பொண்ணை சரக்கு மாதிரி கை மாத்தி விட்டவரும் அவர்தான். ஆனா மொத்த அடியும் சித்திக்கும் அவ பொண்ணுக்கும் விழுது. இந்தக் கதைகள் நடக்குறது பெரும்பாலும் கற்பனை ராஜ்ஜியம்னாலும் சட்டம் பழைய சீனாவோடது. தாங் வம்ச சட்டத்துல அப்பா அம்மா மேல புகார் கொடுக்குற பிள்ளைக்கு மரண தண்டனை. பெத்தவங்களுக்கு அடங்காம இருக்குறது பத்து மகா குற்றத்துல ஒண்ணு. புருஷன் பொண்டாட்டியைத் தள்ளி வைக்க ஏழு காரணம் எழுதி வச்சிருந்தாங்க, அதுல பொறாமைப்படுறதும் ஒண்ணு, ரொம்பப் பேசுறதும் ஒண்ணு. அப்படி ஒரு வீட்டுக்குள்ள ஒரு பொண்ணால தொட முடிஞ்சது இன்னொரு பொண்ணை மட்டும்தான். அது புரியுது, ஆனாலும் சின்ன வீட்டுப் பொண்ணாப் பொறந்த ஒரே காரணத்துக்காக ஒருத்தி பொறவியிலேயே கெட்டவளா வர்ற கதைகளை நான் இப்போ பாதியில மூடிடறேன். அந்தப் பொண்ணுங்களையே ஹீரோயினா வச்சு எழுதுற கதைகளும் நிறைய இருக்கு, உங்க பொண்ணுக்கு கொடுக்கணும்னா அதுல ஒண்ணு கொடுங்க. ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரியுற ஹெலீங்கிற பத்திரத்தைக் கேட்டு வாங்கிட்டு, தன் சீரை வண்டியில ஏத்திக்கிட்டு புருஷன் வீட்டு வாசலைத் தாண்டிப் போறவ வர்ற கதைகளையும் கொடுங்க. அப்படிப் பிரியுறது கற்பனை இல்ல, தாங் காலத்து சட்டத்துலயே அதுக்கு இடம் இருந்தது.

சீரியலா வர்றதைப் பாத்தீங்களான்னு நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். 2011-ல அங்க அரசாங்கத்துல டிவியைப் பாத்துக்குற துறை, காலம் தாண்டிப் போற சீரியல்களைக் கண்டிச்சு சொன்னதுக்கப்புறம் நிறைய கதைகள் திரைக்கு வரும்போது செத்துத் திரும்பி வர்ற அந்த முடிச்சே காணாமப் போகுது. 2024-ல வந்த தி டபுள் சீரியலுக்கு மூலமான நாவல்ல ஹீரோயின் செத்து இன்னொரு பொண்ணு உடம்புல எழுந்திருக்கிறா, சீரியல்ல புருஷன் புதைச்ச குழியில இருந்து பொழச்சு வந்து இன்னொருத்தி பேர்ல வாழுறா. நல்லா எடுத்திருந்தாங்க, நான் விடாம பாத்தேன். ஆனா செத்த அனுபவத்தோட ஒருத்தி கண்ணாடியில இன்னொரு முகத்தைப் பாக்குற அந்த அமைதி அதுல இல்ல.

எந்த சாப்டரை அடிக்கடி திரும்பப் படிக்கிறேன்னு நீங்க அடுத்த கடிதத்துல கேப்பீங்கன்னு தோணுது. கதை பேரு ஞாபகம் இல்ல, ட்ரான்ஸ்லேஷனும் சுமார்தான், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன். அந்தக் காலத்துல பேத்திங்க தினமும் காலையில பாட்டி ரூமுக்குப் போய் வணக்கம் சொல்லணும், இவ போன தடவை தலைவலின்னு சொல்லி போகாமலே இருந்தவ. இப்போ இருட்டு விலகுறதுக்கு முன்னாடியே எழுந்து, பனியில நடந்து, வாசல்ல நிக்கிறா. பாட்டி நிமிர்ந்து பாக்குறாங்க, என்ன அதிசயமா வந்திருக்கேன்னு கேக்கல. பக்கத்துல நிக்கிற வேலைக்காரம்மாகிட்ட, இன்னொரு கிண்ணம் கஞ்சி கொண்டா, கொஞ்சம் சூடா கொண்டான்னு சொல்றாங்க.

அன்புடன்,
அக்கா