சிமுலேட்டர் விமானம் வாங்கும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டரோடு ஒரு ஏர்பஸ் ஏ320 சும்மாவே வருகிறது. காசு கொடுத்து இன்னொன்று எதற்கு? ‘ஸ்டடி லெவல்’ என்றால் அப்படி என்ன கூடுதல்?
— கும்பகோணம் வாசகர்

எல்லாப் பொத்தானும் அழுந்துகிறது என்பது பெரிய விஷயமல்ல. தவறாக அழுத்தினால் நிஜ விமானத்தில் என்ன ஆகுமோ, அது இங்கேயும் ஆக வேண்டும். விஷயம் தெரிந்தவர்கள் காசு கொடுப்பது அதற்குத்தான்.

போயிங் 737-800ஐ எடுத்துக்கொள்ளுங்கள். என்ஜினைச் சுழற்ற, வாலில் இருக்கும் ஏபியு என்ற துணை என்ஜின் தரும் அழுத்தக் காற்று வேண்டும். கேபினைக் குளிர்விக்கும் ஏசி பேக்குகளும் அதே காற்றைத்தான் இழுக்கின்றன. ஸ்டார்ட் செய்வதற்கு முன் இரண்டு பேக்குகளையும் அணைக்க மறந்தால் காற்றுக் குழாயின் அழுத்தம் காட்டும் டக்ட் பிரஷர் முள் இறங்கி, என்2 (என்ஜின் உட்சுழலியின் வேகம்) ஏற முடியாமல் திணற வேண்டும். என்ஜின் ஓடத் தொடங்கியதும் ஜெனரேட்டர் சுவிட்சுகளை நீங்களேதான் போட வேண்டும். ஏ320இல் இந்த இரண்டும் தானாக நடக்கும். மேலோட்டமாகச் செய்த விமானத்தில் பேக் எப்படி இருந்தாலும் என்ஜின் ஒரே மாதிரி ஸ்டார்ட் ஆகும்.

ஏ320க்கு இரண்டு சோதனைகள். முதலாவது பிடியு, அதாவது பச்சை, மஞ்சள் ஹைட்ராலிக் சிஸ்டங்களில் ஒன்றின் அழுத்தத்தை மற்றொன்றுக்குக் கடத்தும் கருவி. இரண்டின் வித்தியாசம் 500 பிஎஸ்ஐயைத் (அழுத்த அலகு) தாண்டினால் அது ஓடத் தொடங்கி, நாய் குரைப்பது போன்ற சத்தம் கேட்கும். ஒலிப்பதிவை மட்டும் ஓட்டும் விமானத்தில், அழுத்தம் என்னவாக இருந்தாலும் குறித்த கட்டத்தில் அது கேட்டுவிடும். இரண்டாவது, தரையிறக்கம். 30 அடியிலிருந்து கணினி மூக்கை மெல்லக் கீழே இறக்கும். அதனால்தான் விமானி சைடுஸ்டிக்கை, அதாவது பக்கவாட்டில் இருக்கும் கட்டுப்பாட்டுக் குச்சியை, இழுக்கிறார். அந்த உயரத்தில் கையை எடுத்துப் பாருங்கள். மூக்கு இறங்காவிட்டால் ஏர்பஸ்ஸின் பறக்கும் விதிகளை அந்த விமானத்தைச் செய்தவர்கள் எழுதவே இல்லை.

செலவழிப்பதற்கு முன், மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் என்றால், ஃப்ளைபைவயர் குழுவின் ஏ32என்எக்ஸ் என்ற ஏ320ஐ ஓட்டிப் பாருங்கள். எக்ஸ்-பிளேன் சிமுலேட்டர் வைத்திருந்தால் ஸிபோ 737. இரண்டும் இலவசம், இரண்டும் ஆழமானவை.

கேள்வி: நாங்கள் யாரும் விமானி இல்லை. ஒரு விமானம் சரியாகத்தான் பறக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— தஞ்சாவூர் வாசகர்

விமானத்தின் கையேட்டில் இருக்கும் டேக்-ஆஃப் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். செஸ்னா 172எஸ்ஸை நம் திருச்சி விமான நிலையத்தில் வைத்தே சோதிக்கலாம்.

நிஜ வானிலையைக் கொண்டுவரும் லைவ் வெதரை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வைத்த வெப்பநிலை நிற்காது. காற்று பூஜ்யம், அழுத்தம் 1013 மில்லிபார். எரிபொருள் கலவையைச் சரிசெய்யும் ஆட்டோ மிக்ஸ்ச்சர், வால் சுக்கானை இயக்கும் ஆட்டோ ரட்டர் போன்ற உதவிகள் எல்லாம் ஆஃப். எடை 2,550 பவுண்டு, ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் பலகை) 10 டிகிரி. பிரேக்கை மிதித்தபடி முழு த்ராட்டில் கொடுங்கள். ஆர்பிஎம் 2,300-க்கும் 2,400-க்கும் நடுவில் நிற்க வேண்டும். 2,700 காட்டினால் அங்கேயே சந்தேகப்படுங்கள். பிரேக்கை விட்டு, 51 நாட் வேகத்தில் மூக்கைத் தூக்குங்கள்.

கடல் மட்டத்தில் 0 டிகிரிக்குக் கையேடு சொல்லும் தரை ஓட்டம் 860 அடி, 40 டிகிரிக்கு 1,150 அடி. திருச்சியின் உயரம் 288 அடி என்பதால் இன்னும் மூன்று சதவீதம்போல் கூடும். தூரத்தை அளப்பது சுலபம். 09/27 ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காக இருக்கிறது. ஜிபிஎஸ்ஸில் தொடக்கத்திலும் சக்கரம் எழும் இடத்திலும் தீர்க்கரேகையைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அட்சரேகையில் 0.01 நிமிடம் என்பது சுமார் 60 அடி.

சித்திரை வெயிலில் 40 டிகிரி வைத்தால் அடர்த்தி உயரம், அதாவது அந்த மெலிந்த காற்று எந்த உயரத்துக் காற்றுக்குச் சமம் என்ற கணக்கு, 3,400 அடியை நெருங்கும். ஏறும் வேகம் குறைவது கண்ணுக்கே தெரிய வேண்டும். 15 டிகிரியிலும் 40 டிகிரியிலும் ஒரே மாதிரி ஏறுகிற விமானத்தை, காக்பிட் எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்காதீர்கள். முழு பவரில் மூக்கு இடப்பக்கம் இழுக்கிறதா, வலது ரட்டர் கேட்கிறதா என்பதையும் அதே ஓட்டத்தில் பார்த்துவிடலாம்.

கேள்வி: ஏ320இல் டேக்-ஆஃப் ஆனபின் திரையில் ‘எல்விஆர் சிஎல்பி’ மின்னிக்கொண்டே இருக்கிறது. என்ஜின் விசையைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோத்ரஸ்ட் வேலை செய்யவில்லை.
— மன்னார்குடி வாசகர்

விமானம் சரியாகத்தான் இருக்கிறது. த்ராட்டில் லீவரை ‘கிளைம்ப்’ நிலைக்குக் கொண்டுவரச் சொல்கிறது. வழக்கமாகத் தரையிலிருந்து 1,500 அடியில் இது வரும். உங்கள் ஜாய்ஸ்டிக்கின் லீவர் அந்த எல்லைக்குள் விழாததால் ஆட்டோத்ரஸ்ட்டைக் குறிக்கும் ‘ஏ/டிஹெச்ஆர்’ எழுத்து நீலமாகவே நிற்கிறது. வேலை செய்தால் வெள்ளையாகும். காக்பிட் டேப்லெட்டில் த்ராட்டில் காலிபரேஷன் பக்கத்தைத் திறந்து ஐடில், கிளைம்ப், ஃப்ளெக்ஸ், டோகா என்ற நிலைகள் ஒவ்வொன்றிலும் லீவரை வைத்துப் பதியுங்கள். கிளைம்ப்பின் எல்லையைக் கொஞ்சம் அகலமாக வையுங்கள். மலிவான லீவர்கள் நடுங்கும். கேம்பேட் ஏதாவது செருகியிருந்தால் அதில் த்ராட்டிலுக்கு ஒதுக்கிய பொத்தான் இணைப்பை (பைண்டிங்) நீக்கிவிடுங்கள்.

கேள்வி: அப்டேட்டுக்குப் பின் சிமுலேட்டர் திறக்கும்போதே மூடிக்கொள்கிறது.
— மயிலாடுதுறை வாசகர்

மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் என்றால், கூடுதல் விமானங்களைப் போடும் ‘கம்யூனிட்டி’ ஃபோல்டரில் உள்ளதையெல்லாம் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். திறந்தால் பாதியைத் திரும்பப் போடுங்கள், பிறகு மீதியில் பாதி. குற்றவாளி சீக்கிரம் சிக்கும். புதிதாகப் போட்ட விமானம் பட்டியலிலேயே வரவில்லை என்றால், ஜிப்பைப் பிரித்தபோது ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டர் வந்திருக்கும். மேனிஃபெஸ்ட், லேஅவுட் என்ற இரண்டு ஜேசன் ஃபைல்களும் முதல் ஃபோல்டரைத் திறந்ததுமே தெரிய வேண்டும்.

கேள்வி: தஞ்சாவூர் தளத்தில் இருக்கும் சுகோய்-30 எம்கேஐ, ஸ்டடி லெவலில் கிடைக்குமா?
— திருவாரூர் வாசகர்

எதிர்பார்க்காதீர்கள். 2020 ஜனவரியில் 222-வது ஸ்குவாட்ரனோடு அங்கே வந்த அந்த விமானம் இன்றும் பணியில் இருக்கிறது. அதன் ரேடார், ஆயுதக் கணினி விவரங்கள் வெளியே வராது. வராததை யாரும் நகலெடுக்க முடியாது. நம் விமானப்படை 2025 செப்டம்பர் வரை ஓட்டிய மிக்-21 குடும்பத்தில், மிக்-21பிஸ் ரகம் டிசிஎஸ் என்ற போர் விமான சிமுலேட்டரில் முழு சுவிட்சுகளோடு இருக்கிறது. இறங்கும்போது த்ராட்டிலை அவசரப்பட்டு முழுதாக மூடாதீர்கள். ஃபிளாப் மேல் வீசும் காற்று என்ஜினிலிருந்துதான் வருகிறது. அது குறைந்தால் ஓடுபாதைக்கு முன்னாலேயே விமானம் விழுந்துவிடும்.