‘மூன்று நல்லவை’ பயிற்சி மன அழுத்தத்தை எப்படிக் குறைக்கிறது?

உறங்கப்போகுமுன் அன்று நன்றாக நடந்த மூன்றையும், ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்பதையும் எழுதிவைப்பதே இந்தப் பயிற்சி. பல்லிடுக்கில் சிக்கிய நாரையே நாக்கு திரும்பத் திரும்பத் தேடிப்போவதைப் போல, மனமும் நாள் முழுவதும் கிடைத்த நல்லவற்றை விட்டுவிட்டு ஒரு கடுஞ்சொல்லையே சுற்றிவருகிறது. எழுதும்போது அந்தக் கவனத்தை நாம் வேண்டுமென்றே திருப்புகிறோம். அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் இதைச் செய்தவர்களிடம் அதன் பயன் ஆறு மாதம் வரை தெரிந்தது. ‘ஏன்’ என்ற பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பயிற்சியின் உயிரே அதில்தான் இருக்கிறது. “தோழி அழைத்தாள்” என்பதோடு நிறுத்தாமல், “போன வாரம் நான் சொன்ன கவலையை அவள் நினைவில் வைத்திருந்தாள்” என்று எழுதிப்பாருங்கள். துன்பத்தை மறைத்துச் சிரிக்கச் சொல்வதாக இதைக் கருதுவது தவறு. துயரத்துக்கு உரிய இடம் அப்படியே இருக்கும், தீராத மனச்சோர்வுக்கு மருத்துவரின் உதவியும் தேவைப்படும்.