முறுக்கு, சுடோக்கு, காது: பினாங்கு மிஸ்ஸி (நர்ஸ்) அக்காவிடம் கேட்டவை

செந்தூலிலிருந்து: அக்கா, அம்மாவுக்கு 71. பெயர், பிறந்தநாள் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஆனால் முறுக்கு சுடும்போது மாவைப் பிசைந்துவிட்டு அச்சைத் தேடுகிறார், எண்ணெய் அதுபாட்டுக்குக் காய்கிறது. மறதியா?

மறதி மாதிரி தெரியவில்லை. எது முதலில், எது அப்புறம், எதை இப்போதைக்கு விடலாம் என்று பார்ப்பது பெரும்பாலும் மூளையின் முன்பகுதி. அதை நிர்வாகத் திறன் என்பார்கள். வயதானால் கொஞ்சம் மந்தமாவது சகஜம், ஆனால் காலங்காலமாகச் சுட்ட முறுக்கில் புதிதாகக் குழம்பினால் கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதாவது அரசாங்க கிளினிக்குக்கு, கூட்டிப் போங்கள். மருந்துப் பையை அப்படியே எடுத்துப் போங்கள், ஏனென்றால் தூக்கம் வரவழைக்கும் பழைய சளி மாத்திரைகள் வயதானவர்களைக் குழப்பும், இனிப்பு நீருக்கு (சர்க்கரை நோய்க்கு) வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம், தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து: அப்பாவின் மூளை மந்தமாகாமல் இருக்கப் போனில் சுடோக்கு எண் புதிர் போட்டுக் கொடுத்தேன். போதுமா?

சுடோக்கு போட்டால் சுடோக்குவில் கெட்டிக்காரர் ஆவார், அவ்வளவுதான். பின்லாந்தில் 60 முதல் 77 வயதுக்குள், மூளைத்திறன் குறைய வாய்ப்புள்ள 1,260 பேரை வைத்து இரண்டு வருஷம் ஓர் ஆய்வு நடத்தினார்கள், முடிவு 2015இல் வந்தது. சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தக் கண்காணிப்பு எல்லாம் சேர்ந்து கிடைத்தவர்களுக்கு, வெறும் ஆலோசனை கேட்டவர்களைவிட நிர்வாகத் திறன் நன்றாகவே கூடியது. அப்பாவுக்கு பிரஷர் எவ்வளவு? அதைக் கேட்காமல் சுடோக்குவைக் கேட்கிறீர்களே!

ஆயர் ஈத்தாமிலிருந்து: மாமனார் கல்யாணம், கோயில் எதற்கும் வர மாட்டேன் என்கிறார். டிவி சத்தம் மட்டும் பக்கத்து வீடு வரை.

காதைப் பாருங்கள். லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் 2024இல் டிமென்ஷியாவுக்கு (மறதி நோய்க்கு) தடுக்கக்கூடிய 14 காரணங்களைச் சொன்னது, எல்லாவற்றையும் சரிசெய்தால் அந்த நோயில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியுமாம். அதில் காது கேளாமையும் உண்டு, தனிமையும் உண்டு. ஒன்று இன்னொன்றை இழுத்து வரும். பாதிப் பேச்சு காதில் விழாதவர் சிரிக்க வேண்டிய இடத்தில் முழிப்பார், இரண்டு தடவை அவமானப்பட்டால் மூன்றாவது கல்யாணத்துக்கு வர மாட்டார். என் அப்பா காது மெஷினை மைலோ டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்தார், மூன்று மாதம் தேடினோம். பேரன் பேசுவது கேட்கிறது என்றதும்தான் ஒழுங்காகப் போட்டார்.

ஜெலுத்தோங்கிலிருந்து: பெரியம்மாவுக்கு முழங்கால் வலி. தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறினால்தான் மூளைக்குப் பலனா?

513 படி! வேண்டாம். வாரத்துக்கு 150 நிமிடம், மூச்சு கொஞ்சம் வாங்குகிற நடை, தாமான் பெலியா பூங்காவில் சமதரையாகவே நடக்கலாம். துணைக்கு ஒரு ஆள் இருந்தால் நடையும் ஆச்சு, பேச்சும் ஆச்சு. வருகிற வழியில் பாசாரில் அவரே பேரம் பேசி, அவரே சில்லறை எண்ணட்டும், நீங்கள் பர்சை எடுக்காதீர்கள்.

மறுபடி செந்தூல்: அப்போ முறுக்கை இனி நானே சுடட்டுமா அக்கா?

ஐயோ, பிடுங்காதீர்கள். டிவியை அணைத்துவிட்டு அச்சு, மாவு, கரண்டி எல்லாவற்றையும் முதலில் மேசையில் வரிசையாக வைக்கச் சொல்லுங்கள், அதற்கப்புறம் அடுப்பு. பிழிவது அம்மாதான். நீங்கள் எண்ணெய்ப் பக்கம் நில்லுங்கள்.