கோடையில் மஸ்கி பிடிக்கப் போகிறீர்களா? முதலில் தண்ணீர்ச் சூட்டைக் கேளுங்கள்

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் கேவ் ரன் ஏரிக்குப் பத்து வருடமாக மஸ்கி என்ற பெரிய நன்னீர் வேட்டை மீனைப் பிடிக்கப் போய் வருகிறேன். கைடு வைத்தும் போயிருக்கிறேன், நண்பரின் படகிலும் போயிருக்கிறேன். கோடைப் பயணம் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

கேள்வி (அட்லாண்டா): அண்ணா, ஜூலை 4 விடுமுறை வாரத்தில் நானும் மச்சானும் கேவ் ரன் போகலாம் என்று இருக்கிறோம். எப்படிப்பட்ட கைடைப் பிடிக்கலாம்?

பதில்: கைடு இருக்கட்டும் தம்பி, தேதியை மாற்ற முடியுமா பாருங்கள். மஸ்கி குளிர்ந்த தண்ணீருக்குப் பழகிய மீன். தண்ணீர் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் மஸ்கிக்காரர்கள் தூண்டிலைச் சுருட்டி வைத்துவிடுவார்கள். ஜூலையில் கேவ் ரன் அதைத் தாண்டித்தான் இருக்கும். 50 டிகிரித் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால், 80 டிகிரியில் 8 தான். இவ்வளவு பெரிய மீன் தூண்டிலில் மாட்டிப் போராடும்போது தசையில் அமிலம் சேர்ந்துவிடும். அது கரைய ஆக்சிஜன் வேண்டும். சூடான தண்ணீரில் அது கிடைக்காது. பிடித்த மஸ்கியைத் திரும்ப ஏரியில் விடுவதே வழக்கம். விட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு போகும், நாமும் கைதட்டிவிட்டு வந்துவிடுவோம். மறுநாள் எங்கோ வயிறு மேலாக மிதக்கும்.

நானும் அப்படி ஒன்றைக் கொன்றிருக்கிறேன். ஆரம்ப காலத்தில் 84 டிகிரித் தண்ணீரில் ஒரு 42 அங்குலத்தைப் பிடித்து, நாலு கோணத்தில் படம் எடுத்துவிட்டு விட்டேன். காலையில் படகுத்துறைக்கு அருகிலேயே ஒதுங்கிக் கிடந்தது. அந்தப் படம் இப்போது என்னிடம் இல்லை.

மே நடுவிலிருந்து ஜூன் முதல் வாரத்துக்குள் பாருங்கள். முடியாவிட்டால் செப்டம்பர் கடைசிக்குத் தள்ளுங்கள்.

கேள்வி (சின்சினாட்டி): பகலில்தானே சூடு? ராத்திரி போனால் சரியாகிவிடாதா?

பதில்: காற்று குளிரும், ஏரி குளிராது. 8,270 ஏக்கர் தண்ணீர் ஒரே இரவில் ஆறுமா? விடியற்காலையில் இரண்டு மூன்று டிகிரி குறைந்தால் அதிகம். மாலை 79 இருந்து காலை 77 என்றால் விடியலில் போங்கள். 85 இருந்து 83 என்றால் தூங்குங்கள். வெயில் படும் மேல் தண்ணீரில் அளந்த கணக்கு இது. ஆழத்தில் குளிர்ச்சி இருக்குமே என்பீர்கள். கோடையில் கீழ் அடுக்குத் தண்ணீர் மேலோடு கலக்காது. அங்கே குளிர்ச்சி உண்டு, ஆக்சிஜன் தீர்ந்துபோயிருக்கும். மீன் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நிற்கிறது.

கேள்வி (நாக்ஸ்வில்): எங்கள் ஊர்ப் பக்கம் மெல்டன் ஹில் ஏரி இருக்கிறது. அங்கேயும் இதே கதைதானா?

பதில்: நல்ல கேள்வி. அது வேறு மாதிரி ஏரி. கிளிஞ்ச் ஆற்றில் மேலே 1936-இல் கட்டி முடித்த நோரிஸ் அணை, கீழே 1963-இல் வந்த மெல்டன் ஹில் அணை. நோரிஸ் தன் ஆழத்துத் தண்ணீரைத் திறந்துவிடுவதால், மெல்டன் ஹில் ஏரியில் நோரிஸ் பக்கம் இருக்கும் பகுதி கோடையிலும் சில்லென்று இருக்கும். நோரிஸ் அணைக்குக் கீழே, குளிர்ந்த தண்ணீர் கேட்கும் டிரௌட் மீனே வாழ்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மெல்டன் ஹில் அணைப் பக்கம் இறங்க இறங்கச் சூடு ஏறும். எனவே ஏரி மொத்தத்துக்கும் ஒரே எண்ணை நம்ப வேண்டாம். எந்த இடத்தில் தூண்டில் போடுகிறீர்களோ, அந்த இடத்தில் அளந்து பாருங்கள். டென்னசி மாநிலத்தின் மஸ்கி சாதனை 2017-இல் இந்த ஏரியில்தான் பதிவானது.

கேள்வி (கொலம்பஸ்): கைடிடம் போனில் என்னென்ன கேட்க வேண்டும்?

பதில்: முதல் கேள்வி: "தண்ணீர் எத்தனை டிகிரி ஆனால் பயணத்தை ரத்து செய்வீர்கள்?" பட்டென்று ஓர் எண்ணைச் சொன்னால் நல்ல ஆள். "அதெல்லாம் பார்த்துக்கலாம், நீங்க வாங்க" என்றால் வேறு ஆளைப் பாருங்கள். அடுத்து, ரத்தானால் முன்பணம் என்ன ஆகும், தேதி மாற்றித் தருவாரா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கோடையில் மதியத்துக்கு மேல் இடிமழை வரும், அதற்கும் சேர்த்தே கேளுங்கள். ராடு, ரீல், லூர் (மீனைக் கவரும் செயற்கை இரை) எல்லாம் அவரே தருவார். மீன்பிடி உரிமம் உங்கள் செலவு. வெளிமாநிலத்தவருக்குக் கென்டக்கியில் ஒரு நாள், ஏழு நாள் உரிமங்கள் உண்டு. டிப்ஸ் 15 முதல் 20 சதவீதம் வழக்கம்.

ஒரு படகுக்கு இரண்டு பேர் போதும். மூன்றாவது ஆள் ஏறினால், லூரில் இருக்கும் பெரிய மூன்று கொக்கித் தூண்டில் முள் யாருடைய காதிலாவது மாட்டும். கிண்டலுக்குச் சொல்லவில்லை.

கேள்வி (லெக்சிங்டன்): போன முறை மூன்று மீன் லூரின் பின்னாலேயே படகு வரை வந்து திரும்பிவிட்டன. நான் என்ன தப்பு செய்தேன்?

பதில்: லூரைத் தண்ணீரிலிருந்து எடுத்திருப்பீர்கள். மஸ்கி பின்னாலேயே வந்து வேடிக்கை பார்க்கும், கடைசி நொடியில்தான் முடிவெடுக்கும். ஊரில் லைசென்ஸ் எடுக்க வண்டியில் எட்டு போட்டோமே, அதையே ராடு முனையால் போட வேண்டும். லூர் ராடிலிருந்து ஒரு முழம் தொலைவுக்கு வந்ததும் தூண்டில் நரம்பைச் சுற்றுவதை நிறுத்துங்கள். ராடு முனையைத் தண்ணீருக்குள் இறக்கி, படகை ஒட்டிப் பெரிய எட்டு போடுங்கள். வளைவு அகலமாக இருக்கட்டும், நாலடி நீள மீன் சின்ன வளைவில் திரும்பாது. வளைவில் வேகத்தைக் குறைக்காதீர்கள். மீன் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு வீச்சிலும் போடுங்கள், கலங்கிய தண்ணீரில் அது கீழே நிற்பது உங்களுக்குத் தெரியாது. முதல் நாள் தோள் வலிக்கும்.

கேள்வி (சார்லட்): பையனுக்கு ஒன்பது வயது. கூட்டிப் போகலாமா?

பதில்: முழு நாளும் வேண்டாம், அரை நாள் பேசிப் பாருங்கள். மஸ்கிக்குப் பத்தாயிரம் வீச்சு மீன் என்றே பெயர், பையன் இருபதாவது வீச்சில் போனைக் கேட்பான். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்கள் ஓடும் படகின் திறந்த பகுதியில் லைஃப் ஜாக்கெட் போட வேண்டும் என்பது கென்டக்கிச் சட்டம். மூடிய ஷூ மாட்டிவிடுங்கள்.

கேள்வி (அட்லாண்டா, அதே தம்பியின் மச்சான்): பிடித்ததைக் குழம்பு வைக்கலாமா?

பதில்: கேவ் ரன்னில் 36 அங்குலத்துக்குக் குறைந்ததை எடுக்கக் கூடாது, மெல்டன் ஹில்லில் 50 அங்குலம். அதற்கு மேலென்றால் சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனால் உங்கள் கைடு முகம் கொடுக்க மாட்டார். கேவ் ரன் அணைக்குக் கீழேயே ஒரு மீன் பண்ணை வைத்து, குஞ்சு வளர்த்து ஏரியில் விடுகிறார்கள். விட்டது பெரிய மீனாக வருடக்கணக்கில் ஆகும். முள்ளும் அதிகம். குழம்புக்கு அதே ஏரியில் கிராப்பி என்ற சின்ன மீன் இருக்கிறது.

கேள்வி (நாஷ்வில்): எனக்கு ஆகஸ்டில் மட்டும்தான் லீவு. என்ன செய்ய?

பதில்: தெற்கில் வேண்டாம். வடக்கே விஸ்கான்சினுக்கோ மினசோட்டாவுக்கோ போங்கள், அங்கும் தெர்மாமீட்டரோடு. கேவ் ரன்தான் என்று பிடிவாதமாக இருந்தால் கைடிடம் பாஸ் மீனுக்குப் பேசுங்கள், மஸ்கிக்கு அக்டோபரில் ஒரு நாள் கேட்டு வையுங்கள். அக்டோபர் நாட்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், இன்றே போன் போடுங்கள்.