‘உனக்கும் கீழே உள்ளவர் கோடி’ என்பது என்னைத் தேற்றவில்லையே?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 31. ஆறு ஆண்டுகள் அரசுப் பணித் தேர்வுகளுக்குப் படித்து, குரூப் 2 முதன்மைத் தேர்வில் இருமுறை தவறி, இப்போது ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். நான் சோர்ந்து உட்காரும்போதெல்லாம் அம்மா, ‘சுமைதாங்கி’ படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய ‘உனக்கும் கீழே உள்ளவர் கோடி’ என்ற வரியைச் சொல்வார். அன்பினால்தான் சொல்கிறார். எனக்கோ, கைகால் நன்றாக இருந்தும் அழுகிறோமே என்ற குற்றவுணர்வுதான் மிஞ்சுகிறது. ஊரே கொண்டாடும் பாட்டு எனக்கு மட்டும் ஏன் ஆறுதல் தரவில்லை? என் மனத்தில்தான் கோளாறா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், விழுப்புரம் மாவட்டம்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் மனத்தில் கோளாறு இல்லை. மனிதர்கள் பிறரோடு ஒப்பிட்டே தம்மை மதிப்பிட முனைகிறார்கள் என்பதை உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-இல் விளக்கினார். நம்மைவிட நலிந்தவரை நினைப்பது சிலவேளை சோர்வைத் தணிக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் கீழே பார்த்துப் பழகிய கண் மேலேயும் பார்க்கும். உங்களோடு படித்துத் தேறியவர்கள் அங்கே தெரிவார்கள். இன்னொருவரின் துன்பம் பெரியது என்பதால், ஆறு ஆண்டு உழைப்பு கைகூடாமல் போன உங்கள் வலி பொய்யாகிவிடாது.

1962-இல் வந்த அந்தப் பாடலை ஒருமுறை தொடக்கத்திலிருந்து கேளுங்கள். மயக்கமா, கலக்கமா என்று துயரப்படுபவனை முதலில் விசாரித்து, வேதனை இல்லாத வாசல் இல்லை என்று ஒப்புக்கொண்ட பிறகே, கடைசியில்தான் அது நீங்கள் குறிப்பிடும் வரிக்கு வருகிறது. உங்கள் வீட்டில் விசாரிப்பு விடுபட்டு, முடிவு மட்டும் வந்து சேர்கிறது. வாய்ப்புகள் அமையாமல் சென்னையை விட்டே கிளம்பத் தீர்மானித்திருந்த கவிஞர் வாலி, இதே பாடலை பி.பி.ஸ்ரீனிவாஸ் பாடக் கேட்டு மனம் மாறியதாகச் சொல்லியிருக்கிறார். தம் கலக்கத்தை யாரோ அறிந்து கேட்டதுபோல் அவருக்கு இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

‘இருமுறை தவறினேன், அது இன்னும் வலிக்கிறது’ என்று கூசாமல் சொல்ல முடிவதே தன்னை ஏற்றுக்கொள்வதன் தொடக்கம். அதை முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள். ‘பாட்டைச் சொல்வதற்கு முன்னால் என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேளம்மா’ என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். தூக்கமும் பசியும் இரண்டு வாரங்களுக்கு மேல் குறைந்திருந்தாலோ, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலோ, காத்திருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம்.